ஓடி முடித்த கார்: கேள்விகளும் பதில்களும்

ஆயுள் முடிந்த வாகனங்களைப் பிரித்தெடுக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், கார்களின் கடைசிக் கட்டம் குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். என் துறைக்கு வெளியே உள்ளவற்றை அதற்குரியவர்களிடம் கேட்டுக்கொள்ளும்படி சொல்லிவிடுவேன், வருத்தப்பட வேண்டாம்.

கேள்வி: பழைய காரை வாங்கிய கையோடு நசுக்கி, உருக்காலைக்கு அனுப்பிவிடுவார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். உண்மையில் முதலில் என்ன செய்வீர்கள், ஐயா?

பதில்: நசுக்குவது கடைசியில் வருவது. ஒரு காரிலிருந்து என்ன மிஞ்சும், அது மண்ணையும் காற்றையும் எவ்வளவு கெடுக்கும் என்பதெல்லாம் அதற்கு முந்தைய ஓரிரு மணி நேரத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. முதலில் பேட்டரியைக் கழற்றுவோம். அதில் உள்ள ஈயமும் கந்தக அமிலமும் தனியே போக வேண்டியவை என்பது ஒரு காரணம். மின்சாரம் உள்ள வண்டியில் எந்த மூலையிலும் பொறி பறக்கலாம் என்பது அதைவிட அவசரமான காரணம். அடுத்து வண்டியை உயரத்தூக்கி, எஞ்சின் ஆயில், கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் ஆகியவற்றைத் தனித்தனிக் கலன்களில் வடிப்போம். இவற்றைக் கலந்துவிட்டால் எதையும் சுத்திகரிக்க முடியாது. தனியாக இருந்தால் விற்கக்கூடியதாக இருந்த எண்ணெய், கலந்தபின் பணம் கொடுத்து அப்புறப்படுத்த வேண்டிய கழிவாகிவிடும்.

எரிபொருள் தொட்டியின் அடியில், காற்றழுத்தத்தால் இயங்கும், பொறி எழுப்பாத துளையிடும் கருவியைப் பொருத்தி உறிஞ்சி எடுப்போம். வாசகர்கள் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும்: பெட்ரோல் நிறைந்த தொட்டியைவிடக் காலித் தொட்டி ஆபத்தானது. தீப்பிடிப்பது திரவமன்று, ஆவி. காலித் தொட்டிக்குள் அந்த ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன. வீட்டில் வைத்து வெட்டவோ பற்றவைக்கவோ முயலாதீர்கள்.

ஏசியில் உள்ள வாயுவையும் கருவி கொண்டே இழுக்க வேண்டும். 1990களிலிருந்து நீண்ட காலம் கார்களில் பயன்பட்ட ஆர்-134ஏ என்னும் வாயு, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல ஏறத்தாழ 1,400 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைப்பது. ஒரு காரில் அரைக் கிலோ இருந்தால், குழாயை அறுத்த அந்த நொடியில் 700 கிலோ கரியமில வாயுவை விட்டதற்குச் சமம். கண்ணுக்குத் தெரியாது, மணமும் இராது. அதனால்தான் அவசரக்காரர்கள் ஒரே வெட்டில் முடித்துவிடுகிறார்கள்.

கேள்வி: என்னுடைய 15 ஆண்டுப் பழைய காருக்கு என்ன விலை கிடைக்கும்?

பதில்: வண்டியைப் பார்க்காமல் சொல்ல முடியாது, இங்கே விலை சொல்வதாகவும் இல்லை.

கேள்வி: புகைக்குழாயில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரை மட்டும் திருடிக்கொண்டு போகிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

பதில்: தேனடைபோல் நுண்ணிய துளைகள் கொண்ட பீங்கான் கட்டி ஒன்று எஃகு உறைக்குள் இருக்கிறது. அந்தத் துளைகளின் சுவரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகியவை மெல்லிய படலமாகப் பூசப்பட்டிருக்கின்றன. எடையில் சில கிராம்கள்தான். ஆனால் மூன்றும் மிக அரிய உலோகங்கள். பீங்கானைப் பொடித்து, உருக்கி, இவற்றைப் பிரித்தெடுக்கும் ஆலைகள் தனியே உள்ளன. உறையை வெட்டிப் பொடியை வெறுங்கையால் அள்ளுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தூசி நுரையீரலுக்கு நல்லதன்று.

கேள்வி: விபத்தில் சிக்காத பழைய காரின் ஏர்பேக்கைக் கழற்றி வேறு காரில் பொருத்தலாமா? புதிதாக இருப்பதுபோல்தான் தெரிகிறது.

பதில்: கூடாது. பைக்குப் பின்னால் இருப்பது ஒரு சிறு வெடிமருந்துப் பொதி. பழைய வகைகள் பலவற்றில் சோடியம் அசைடு இருந்தது. அது வெடிக்கும் தன்மையோடு கடும் நஞ்சும் ஆகும். டகாடா நிறுவனத்தின் ஏர்பேக்குகளில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் ஈரத்தையும் வெப்பத்தையும் உள்வாங்கிச் சிதைந்து, விரியும்போது உலோக உறையையே சிதறடித்து உயிர்களைப் பறித்தது. உலகெங்கும் கோடிக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டதற்கு அதுவே காரணம். வெளியிலிருந்து பார்த்தால் அவையும் புதிது போலத்தான் இருந்தன. நாங்கள் ஏர்பேக்குகளையும் சீட் பெல்ட்டை இறுக்கும் வெடிப்பொதிகளையும் வண்டியிலேயே, தூரத்திலிருந்து மின்சாரம் கொடுத்து வெடிக்கச் செய்துவிடுகிறோம்.

கேள்வி: ஷ்ரெட்டருக்குள் போன பிறகு எல்லாமே மறுசுழற்சிக்குப் போய்விடுகிறது அல்லவா?

பதில்: இல்லை, இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஷ்ரெட்டர் என்பது, கனத்த சம்மட்டிகள் தொங்கும் உருளை ஒன்று பல ஆயிரம் குதிரைத்திறன் மோட்டாரால் சுழலும் எந்திரம். நசுக்கிய கார் ஒரு நிமிடத்துக்குள் கைப்பிடி அளவுத் துண்டுகளாகிவிடும். காற்றை ஊதி உறிஞ்சி இலேசான பஞ்சு, நுரை, துணி ஆகியவற்றைப் பிரிப்பார்கள். காந்த உருளை இரும்பை இழுத்துக்கொள்ளும். பொதுவாகக் காரின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு இரும்பும் எஃகும்தான். அலுமினியத்தைக் காந்தம் பிடிக்காது. ஆகவே வேகமாகச் சுழலும் காந்தங்களுக்கு மேலே ஓடும் பட்டையில் அதை அனுப்புவார்கள். உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டம் எழுந்து, துண்டு தானாகவே துள்ளித் தொலைவில் போய் விழும், பிளாஸ்டிக் பட்டையின் விளிம்பிலேயே விழும். அதை அருகில் நின்று பார்ப்பது எனக்கு இன்றும் அலுக்கவில்லை.

மிஞ்சுவது பிளாஸ்டிக், ரப்பர், கண்ணாடி, மண், துரு எல்லாம் கலந்த ஒரு கழிவு. காரின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. இதை எங்கே கொட்டுவது என்பதுதான் இந்தத் தொழிலின் பழைய வியாதி. ஜப்பானில் டெஷிமா என்னும் சிறு தீவில், 1970களின் பிற்பகுதி முதல் 1990 வரை இந்தக் கழிவைச் சட்டத்துக்குப் புறம்பாகக் கொட்டினார்கள். ஈயமும் டையாக்சின் என்னும் கடும் நஞ்சும் மண்ணில் இறங்கின. தீவு மக்கள் பல ஆண்டுகள் போராடி 2000இல் தீர்வு பெற்றனர். தோண்டி எடுத்த ஏறத்தாழ 9 லட்சம் டன் கழிவையும் மண்ணையும் கப்பலில் பக்கத்துத் தீவான நவோஷிமாவுக்குக் கொண்டுபோய் உருக்கும் வேலை, கழிவு அகற்றம் என்ற அளவில் முடிய 2017 ஆயிற்று. ஜப்பானில் 2005இல் நடைமுறைக்கு வந்த சட்டம், கழிவு, ஏர்பேக், குளிர்பதன வாயு ஆகிய மூன்றையும் கையாளும் செலவைக் கார் உரிமையாளரிடமே முன்கூட்டி வாங்கிக்கொள்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2000ஆம் ஆண்டு ஆணை வேறு வழியில் போயிற்று: 2015 முதல் காரின் எடையில் 95 சதவீதம் ஏதேனும் ஒரு வகையில் பயன்பட வேண்டும், எரித்து ஆற்றல் எடுப்பதை நீக்கிப் பார்த்தால் 85 சதவீதமாவது தேற வேண்டும் என்று விதித்தது. காகிதங்களில் எண் நிறைவேறிவிடலாம். நிரப்புமண்ணாகப் போட்டதையெல்லாம் பயன்பாடு என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை.

கேள்வி: ஓடாத காருக்கு, எடை போட்டால், என்ன விலை...

பதில்: மேலே பார்க்கவும்.

கேள்வி: பிளாஸ்டிக்கை விடுங்கள். எஃகை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறையாது என்று படித்திருக்கிறேன். மூன்றில் இரண்டு பங்கு அப்படியே திரும்பி வரும்போது, பிரித்தெடுப்பதற்கு ஏன் இவ்வளவு பாடு?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். இரும்பின் தரம் குறையாது என்பது உண்மை; அதோடு சேர்ந்து உலைக்குள் போகும் செம்பு வெளியே வராது என்பதும் உண்மை. காரில் வயரிங், மோட்டார்கள், ஆல்டர்னேட்டர் என்று சுமார் 20 கிலோ செம்பு உண்டு. ஷ்ரெட்டர் அதைக் கிழித்து எஃகுத் துண்டுகளோடு பின்னிவிடுகிறது. சிறு மோட்டாரின் செம்புச் சுருள் இரும்புக் கருவோடு காந்தத்தில் ஒட்டிக்கொண்டே போகிறது. எஃகில் செம்பு மிகுந்தால், உருட்டாலையில் சூடாக்கும்போது மேற்பரப்பில் இரும்பு துருப்பிடித்து உதிர, செம்பு மட்டும் அங்கே செறிந்து, உருகி, எஃகின் நுண்ணிய படிக மணிகளுக்கு இடையே புகுந்து வெடிப்பை உண்டாக்கும். அந்த எஃகை மீண்டும் கார் தகடாக அடிக்க முடியாது.

கேள்வி (பழைய இரும்பை மின்சாரத்தால் உருக்கும் மின் வில் உலையில் பணிபுரியும் நண்பர்): ஐயா, நீங்கள் மிகைப்படுத்துகிறீர்கள். நாங்கள் ஒவ்வொரு உருக்கலுக்கும் மாதிரி எடுத்துப் பார்க்கிறோம். செம்பு கூடினால் பஞ்சு இரும்பையோ வார்ப்பிரும்புக் கட்டியையோ சேர்த்துக் குறைத்துவிடுகிறோம். கட்டடக் கம்பிக்கு 0.4 சதவீதம் வரை இருந்தாலும் பாதகமில்லை.

பதில்: நீங்கள் சொல்லும் ஒவ்வொன்றும் சரி, அவற்றிலிருந்து வரும் முடிவில்தான் உங்களோடு வேறுபடுகிறேன். கட்டடக் கம்பி 0.4 தாங்கும், ஆழமாக அழுத்தி வடிக்கும் கார் கதவுத் தகடு 0.06க்கு மேல் தாங்காது. அப்படியானால் கார் கம்பியாகிறது, கம்பி காராவதில்லை. பஞ்சு இரும்பைச் சேர்ப்பது செம்பை எடுப்பதன்று, புதிதாகச் சுரங்கத்திலிருந்து வந்த இரும்பில் அதைக் கரைத்து மறைப்பது.

கேள்வி: உலையிலேயே ஆக்சிஜனை ஊதி, மற்ற அழுக்குகளைப்போல் செம்பையும் எரித்துவிட முடியாதா?

பதில்: முடியாது. ஆக்சிஜன் செம்பைவிட இரும்போடு சேரவே விரும்பும். செம்பு எரிவதற்கு முன் உலையிலுள்ள இரும்பெல்லாம் எரிந்து கசடாகிவிடும். வெற்றிடத்தில் ஆவியாக்குவது, கந்தகக் கசடில் பிடிப்பது என்று ஆய்வுகள் நடந்துள்ளன. உருக்காலைகளில் வழக்கத்துக்கு வரவில்லை.

கேள்வி (மீண்டும் உலை நண்பர்): கம்பிக்குத் தேவை இருக்கும்வரை இதில் என்ன நட்டம்? கம்பி ஐம்பது, அறுபது ஆண்டுகள் கட்டடத்துக்குள் கிடக்கப்போகிறது.

பதில்: கிடந்துவிட்டு, அதே செம்போடு பழைய இரும்பாகத் திரும்பி வரும். அதற்குள் உலகம் தாதுவை விட்டுப் பழைய இரும்பையே நம்பும் நிலைக்கு வந்திருக்கும் என்கிறோம். அப்போது கரைப்பதற்குப் புது இரும்பு எங்கே? அலுமினியத்திலும் இதே கதைதான். கலந்துபோன அலுமினியம் எல்லாம் இதுவரை எஞ்சின் பிளாக்காக வார்க்கப்பட்டு வந்தது. எஞ்சினே இல்லாத கார்கள் பெருகும்போது அந்த வாய்க்கால் வற்றும்.

கேள்வி (அவரே): சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் வயரை முழுதும் உருவிவிட்டு எங்களுக்கு அனுப்புங்களேன். யார் தடுக்கிறார்கள்?

பதில்: கூலி தடுக்கிறது. எஞ்சின் அறையிலுள்ள தடித்த வயர்க் கட்டை ஓர் ஆள் சில நிமிடங்களில் வெட்டி இழுத்துவிடுவார். அதன் செம்பு அவர் கூலியைவிட அதிகம் பெறும். டேஷ்போர்டுக்குப் பின்னால், தரைவிரிப்புக்கு அடியில், கதவுக்குள் ஓடும் மெல்லிய வயர்கள் அப்படியல்ல. ஒவ்வொரு கிளிப்பையும் விடுவித்து எடுத்தால் கிடைக்கும் செம்பைவிடச் செலவு கூடிவிடும். ஆகவே பெரும்பாலான பட்டறைகள், என்னுடையது உட்பட, தடித்ததை எடுத்துக்கொண்டு மெல்லியதை விட்டுவிடுகின்றன. செம்பு குறைந்த துண்டுகளுக்கு உங்கள் ஆலை தனி விலை கொடுத்தால் அடுத்த வாரமே நிலைமை மாறும். அதற்கும் மேலே, கார் வடிவமைப்பவர்கள் வயரிங் முழுவதையும் ஒரே இழுப்பில் வரும்படி வைத்தால் இந்த விவாதத்துக்கே வேலையில்லை. இத்துடன் செம்பை நிறுத்திக்கொள்வோம், மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

கேள்வி: மின்சாரக் கார்களின் பேட்டரியை என்ன செய்வார்கள்?

பதில்: அது என் துறையன்று, பேட்டரி மறுசுழற்சியாளரைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்த அளவில், நலமாக உள்ளவற்றை மின்சேமிப்புக்கு மறுபடி பயன்படுத்துகிறார்கள். மற்றவற்றைப் பொடித்துக் கரும்பொடியாக்கி நிக்கல், கோபால்ட், லித்தியத்தைப் பிரிக்கிறார்கள். இரும்பு பாஸ்பேட் வகையில் நிக்கலும் கோபால்ட்டும் இல்லாததால் ஆர்வம் குறைவு. ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்: 400 வோல்ட் உள்ள வண்டியின் ஆரஞ்சு நிற வயரைப் பயிற்சி இல்லாதவர் தொடக் கூடாது.

கேள்வி: பழைய பெட்ரோல் தொட்டியைத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு வெட்டி, தொட்டியாகவே தோட்டத்தில் பயன்படுத்தலாமா?

பதில்: முதல் பதிலைப் படிக்காமலே கேட்டிருக்கிறீர்கள். தண்ணீர் விட்டுக் கழுவினாலும் மடிப்புகளிலும் துருவிலும் பெட்ரோல் தங்கும்; வெட்டும் சூட்டில் ஆவியாகும். வேண்டாம்.

கேள்வி: நன்றாக ஓடும் பழைய காரை, சுற்றுச்சூழலுக்காக உடைத்துவிடுவது நல்லதா?

பதில்: எவ்வளவு ஓட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. புதிய காரைச் செய்வதிலேயே பல டன் கரியமில வாயு வெளியாகிறது. அரிதாக எடுக்கும் வண்டியைப் பராமரித்து வைத்துக்கொள்வதில் தவறில்லை. நாள் முழுதும் புகை கக்கி ஓடும் வண்டி வேறு கணக்கு. பலர் மூன்றாவது வழியாக வெளிநாட்டுக்கு விற்றுவிடுகிறார்கள்: ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் 2020 அறிக்கைப்படி, 2015 முதல் 2018 வரை 1.4 கோடி பழைய இலகு ரக வாகனங்கள் ஏற்றுமதியாயின. அந்த வண்டிகளும் ஒரு நாள் எங்கேயோ நிற்கும். அங்கே எண்ணெய் வடிக்கும் மேடையும் வாயு இழுக்கும் கருவியும் இருக்குமா என்பதை விற்றவர் கேட்பதில்லை.

கேள்வி: டயர்கள்?

பதில்: எரித்தால் நிலக்கரிக்கு நிகரான வெப்பம் தருவதால் சிமென்ட் சூளைகளுக்குப் பெருமளவு போகின்றன, மிச்சம் ரப்பர் பொடியாகிறது. வெட்டவெளியில் குவித்து வைத்தால் தீப்பிடிக்கும்போது அணைப்பது மிகக் கடினம்.

கேள்வி: வண்டியைக் கொடுத்த பிறகு நான் கவனிக்க வேண்டியது ஏதேனும் உண்டா? (விலை கேட்கவில்லை, ஐயா.)

பதில்: நன்றி. சேஸிஸ் எண் உள்ள பகுதி உங்கள் கண்முன் வெட்டப்படுவதையும், அழிப்புச் சான்றிதழில் அதே எண் இருப்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். எண் பலகைகளைக் கழற்றிக்கொள்ளுங்கள். சான்றிதழைக் காட்டிப் பதிவை ரத்து செய்யும்வரை அந்தக் கார் சட்டத்தின் பார்வையில் உங்களுடையதாகவே இருக்கும். அந்த எண் வேறொரு திருட்டு வண்டியின் மேல் ஏறினால் விசாரணைக்கு முதலில் வருவது உங்கள் வீட்டுக்குத்தான்.