16 கோர் வேண்டாம், முதலில் ஒரு சோதனை

வணக்கம் நண்பரே. பி450 மதர்போர்டில் ரைசன் 5 3600 புராசசர் இருக்கிறது, கூட்டம் மிகுந்த நகரக் காட்சிகளில் விளையாட்டு திக்குகிறது, நண்பர் 16 கோர் (புராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி) உள்ள ரைசன் 5950எக்ஸ் வாங்கச் சொல்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

திக்கும் அதே இடத்தில் நின்று, ரெசல்யூஷனை 1080இலிருந்து 720க்குக் குறைத்துப் பாருங்கள். ஃபிரேம் எண்ணிக்கை (விநாடிக்கு எத்தனை படங்கள் என்பது) மளமளவென்று ஏறினால் தடை கிராபிக்ஸ் கார்டில்; புராசசரை மாற்றிப் பயனில்லை. எண்ணிக்கை அசையாமல் நின்றால் புராசசர்தான் திணறுகிறது.

அப்போதும் 16 கோர் தேவையில்லை. உங்கள் 144 ஹெர்ட்ஸ் திரைக்கு ஒவ்வொரு ஃபிரேமும் 7 மில்லி விநாடிக்குள் தயாராக வேண்டும். அந்தச் சுமையில் பெரும்பகுதி ஒரு சில கோர்களின் தலையில்தான் விழுகிறது. மற்றவை கைகட்டி நிற்கும். புராசசருக்குள்ளேயே இருக்கும் வேகமான கேஷ் நினைவகம்தான் இங்கே முக்கியம். 3600இல் உள்ள 32 எம்பி எல்3 கேஷ், மூன்று கோர்களுக்கு 16 எம்பி என்று இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ரைசன் 5 5600 புராசசரில் ஆறு கோர்களும் 32 எம்பியை முழுதாகப் பகிர்ந்துகொள்கின்றன. 2022இல் வந்த 5800எக்ஸ்3டியில் அது 96 எம்பி! தரவு கையெட்டும் தூரத்தில் இருப்பதால் ரேமுக்காகக் காத்திருப்பது குறைகிறது.

5800எக்ஸ்3டி கிடைத்தால் அதையே வாங்குங்கள். நன்றாகச் சூடாகும், பெட்டியில் கூலரும் வராது, தனியாக வாங்க வேண்டும். கிடைக்காவிட்டால் 5600 தாராளமாகப் போதும்.

எதுவானாலும், பழைய புராசசரைக் கழற்றும் முன்பே மதர்போர்டின் பயாஸை (கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) புதுப்பித்துவிடுங்கள். மறந்தால் கணினி உயிர்பெறாமல் போகலாம். சோதனையில் வந்த ஃபிரேம் எண்களை இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.