ஹுப்பள்ளிக் கவுன்ட்டரில் ஒரு ‘ரி’

கேள்வி: என் ஊர் கோவை. பெங்களூரில் ஏழு வருடம் வங்கி வேலை பார்த்தேன். கன்னடம் தயங்காமல் பேசுவேன், பேப்பரும் வாசிப்பேன். மூன்று மாதம் முன்பு ஹுப்பள்ளிக்கு மாற்றல். கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் பேசுவது பாதிதான் பிடிபடுகிறது. போன வாரம் ஒரு பெரியவரிடம் ‘பாஸ்புக் கொடி’ என்றேன், அவர் முகம் சுருங்கிவிட்டது. நான் கற்றது தப்பா, இவர்கள் பேசுவது கொச்சையா? மறுபடி முதலிலிருந்து கற்கவேண்டுமா? அடுத்து மங்களூருக்குத் தூக்கிப் போட்டால் என்ன செய்வது?

பதில்: பெரியவரை முதலில் சமாதானப்படுத்துவோம். ‘கொடி’ என்பது பெங்களூரில் ‘கொடுங்கள்’தான். நீங்கள் மரியாதைக் குறைவாக எதுவும் சொல்லவில்லை. ஆனால் ஹுப்பள்ளிக் காதுக்கு மரியாதை என்பது ‘ரி’ என்ற ஒற்றை எழுத்து. ‘கொட்ரி’ (கொடுங்கள்), ‘ஹேள்ரி’ (சொல்லுங்கள்), ‘பர்ரி’ (வாருங்கள்). ‘ஆமாம்’ என்பதற்குக்கூட ‘ஹௌத்ரி’. அது இல்லாத வாக்கியம் அவருக்கு மொட்டையாகப் படுகிறது. வேடிக்கை என்னவென்றால், பெங்களூரில் முன்பின் தெரியாதவரிடம் ‘ஏன்ரீ’ (என்னங்க) என்றால் சில நேரம் சண்டைக்குக் கூப்பிடுவது போல ஒலிக்கும். இங்கே அதே ‘ஏன்ரி’தான் நலம் விசாரிப்பு. நாளைக் காலையிலிருந்தே வாக்கியத்துக்கு ஒரு ‘ரி’ போடுங்கள். கூடிப்போனால் தவறில்லை.

சரி, பாதி பிடிபடாத விஷயத்துக்கு வருவோம். பலரும் செய்யும் தவறு, வட கர்நாடகச் சொல் பட்டியல் ஒன்றை எடுத்துவைத்து மனப்பாடம் செய்வது. சொற்கள் தானாக வரும். உங்களைத் தடுக்கி விழச் செய்வது வினைமுடிவுகள். உங்கள் கவுன்ட்டரில் தினம் பத்துப் பேராவது கேட்கக்கூடிய கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள்: ‘ரொக்க ஜமா ஆகேத்தேன்ரி?’ பெங்களூர்க் கன்னடத்தில் இது ‘துட்டு ஜமா ஆகிதெயா?’, அதாவது பணம் வரவாகியிருக்கிறதா? முதல் சொல் பயமுறுத்தவே கூடாது: அவர்கள் துட்டு, இவர்கள் ரொக்கம், இரண்டும் நம் வீட்டிலும் புழங்குபவை. சிக்கல் ‘ஆகேத்தேன்ரி’யில். அதைப் பிரித்தால் ஆகி + ஐத்தி + ஏன் + ரி. நீங்கள் அறிந்த ‘இதெ’ (இருக்கிறது) இங்கே ‘ஐத்தி’. கேள்விக்கு நீங்கள் ‘ஆ’ போடும் இடத்தில் இவர்கள் ‘ஏன்’ போடுகிறார்கள். கடைசியில் மரியாதை. ‘ஊட்டா ஆய்த்தா?’ (சாப்பாடு ஆச்சா?) என்பது ‘ஊட்டா ஆத்தேன்ரி?’ ஆவதும் இதே கணக்குதான். (தமிழ் எழுத்தில் ஓசை கொஞ்சம் முன்பின் இருக்கும், காதால் திருத்திக்கொள்ளுங்கள்.)

இன்னொரு முடிச்சு நிகழ்காலம். ‘மாடுத்தா இத்தீனி’ என்று நீங்கள் சொல்வதை இவர்கள் ‘மாடாக்கத்தீனி’ என்பார்கள். உள்ளே ஒளிந்திருப்பது ‘ஹத்து’ என்ற வினை. தமிழ்ப் பகரம் கன்னடத்தில் ஹகரமாகும் என்பது உங்களுக்குத் தெரியும்: பால் ஹாலு, புலி ஹுலி. அப்படியே நம் ‘பற்று’தான் இந்த ‘ஹத்து’. செய்யப் பற்றினேன், அதாவது செய்துகொண்டிருக்கிறேன். இதோடு, சொல் கடைசியில் வரும் ‘எ’ இங்கே ‘இ’ அல்லது ‘அ’ ஆகும் என்பதையும் வைத்துக்கொள்ளுங்கள்: மனெ (வீடு) மனி ஆகும், யாக்கெ (ஏன்) யாக்க ஆகும். இவ்வளவு பிடிபட்டால் ‘பாள’ என்றால் ரொம்ப, ‘சலோ’ என்றால் நல்லது, ‘லகூன’ என்றால் சீக்கிரம், ‘கரே’ என்றால் நிஜம் என்பதெல்லாம் ஒரு மாதத்தில் வாடிக்கையாளர்களே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.

கொச்சையா என்ற கேள்வியை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். 1956 நவம்பர் 1 வரை இன்றைய கர்நாடகம் பல ஆட்சிகளில் பிரிந்து கிடந்தது. உங்கள் பக்கத்து ஊர் தார்வாட, பெளகாவி (பெல்காம்) பம்பாய் மாகாணத்தில், கலபுரகி (குல்பர்கா) 1948 வரை ஹைதராபாத் நிஜாமிடம், மங்களூர் சென்னை மாகாணத்தில். மைசூர் தனி சமஸ்தானம். இங்கே மராத்தி வாடையும் கலபுரகியில் உருது வாடையும் அடிப்பது அதனால்தான். பள்ளிப் பாடமும் செய்தி வாசிப்பும் மைசூர்ப் பக்கத்து நடையில் அமைந்ததால் அது ‘சரியான’ கன்னடம் என்று பெயர் வாங்கிவிட்டது. ஞானபீடப் பரிசு பெற்ற த. ரா. பேந்த்ரே தார்வாடப் பேச்சில்தான் கவிதை எழுதினார். அவர் வீட்டு மொழி மராத்தி. வேற்றுமொழிக்காரர் என்று நீங்கள் கூச்சப்பட இடமில்லை.

உங்களுக்கு ஏற்கெனவே பாதி தெரியும் என்பதற்கும் ஒரு காரணம் சொல்கிறேன். பெங்களூரில் உங்கள் அலுவலகத்தில் ‘இதெ’ என்றிருப்பார்கள். ஆனால் பூக்காரம்மாவும் ஆட்டோக்காரரும் ‘ஐத்தெ’ என்றிருப்பார்கள், நினைத்துப் பாருங்கள். 1960 வாக்கில் வில்லியம் பிரைட் என்ற மொழியியலாளர் பெங்களூர், தார்வாடப் பேச்சுகளைச் சாதிவாரியாக ஒப்பிட்டார். பிராமணர் பேச்சு இரண்டு ஊரிலும் தள்ளி நின்றது: அங்கே ‘இதெ’, இங்கே ‘அத’. மற்றவர் பேச்சோ அடுத்தடுத்து நின்றது: அங்கே ‘ஐத்தெ’, இங்கே ‘ஐத்தி’. எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது. ஓயாமல் சொல்லப்படும் ஒரு சின்னச் சொல்லில் ஊரும் சாதியும் சேர்ந்து உட்கார்ந்திருக்கின்றன.

அதனாலேயே ஒரு எச்சரிக்கை. இவர்கள் பேச்சை அப்படியே நடித்துக் காட்ட வேண்டாம். எந்த வடிவம் யாருடையது என்று தெரியாமல் கலந்தால், கேலி செய்கிறீர்கள் என்று நினைக்க வாய்ப்புண்டு. கலபுரகிப் பக்கம் போனால் ‘அத’ பொதுவாகவே எல்லார் வாயிலும் வரும், அங்கே கணக்கு வேறு. உங்கள் பெங்களூர்க் கன்னடத்தையே பேசுங்கள், அதோடு ‘ரி’. பெரியவர்களை ‘அண்ணார’, ‘அக்கார’ என்று கூப்பிடுங்கள். காதை மட்டும் முழுதாக மாற்றுங்கள்.

மங்களூர்? அங்கே உங்களுக்கு ஹுப்பள்ளியை விடச் சுலபம். பலருக்கு வீட்டில் துளு, கொங்கணி அல்லது பியாரி, கன்னடம் பள்ளியில் கற்றது. அதனால் புத்தகம் போல, எழுத்தை விழுங்காமல் பேசுவார்கள். ‘ஏனு’ (என்ன) என்பதற்கு ‘எந்த’ என்பார்கள். ‘இதெ’ என்று நீங்கள் சொல்லுமிடத்தில் ‘உண்ட்டு’ என்பார்கள், அதை நான் உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை. கொஞ்சம் வடக்கே குந்தாபுர வரை கிளைப் பார்வைக்கு அனுப்பினால்தான் கஷ்டம். ‘ஹோகபேக்கு’ (போகவேண்டும்) என்பதை ‘ஹோய்க்’ என்று சுருக்கி, ‘பரபேக்கு’வை (வரவேண்டும்) ‘பர்க்’ ஆக்கிவிடுவார்கள். அப்போது மறுபடி எழுதுங்கள்.