பாழடைந்த தோட்டத்து வீடுகளில் பேய் இருப்பதாகச் சொல்வது உண்மையா? உங்களுக்கு அனுபவம் உண்டா?

உண்டு. ஆனால் அப்படி ஒரு வீட்டைப் பற்றிக் கேள்விப்பட்டால் அங்கே முன்னால் யார் குடியிருந்தார்கள் என்று முதலில் விசாரியுங்கள். நான் அதை ரொம்பத் தாமதமாகத்தான் விசாரித்தேன்.

காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். ஊரை விட்டுத் தள்ளி ஒரு சாளை பூட்டிக் கிடந்தது. சாளை என்றால் எங்கள் பக்கம் தோட்டத்துக்குள்ளேயே கட்டிய வீடு. ஓடு போட்ட ஆசாரம் என்கிற கூடம், பக்கத்தில் மாடு கட்டும் கட்டுத்தரை, கொஞ்சம் தள்ளி அறுபதடிக் கிணறு, சுற்றிலும் கிளுவை வேலி. நான் பள்ளிக்கூடம் போன நாட்களில் ஆடு மேய்க்கிறவர்கள்கூட உச்சிப்பொழுதுக்கு முன்னால் அந்தப் பக்கத்தை விட்டு வந்துவிடுவார்கள்.

அந்த வீட்டு மருமகள் கிணற்றில் விழுந்து செத்துப்போனாள் என்பதுதான் கதை. நடு மத்தியானத்தில் அவள் தண்ணீர் சேந்துவாளாம். ராத்திரியில் அவள் குழந்தை மூச்சு இழுக்கிற மாதிரி அழுமாம். பக்கத்து ஊர்ப் பால்காரர் ஒருவர் விடியற்காலையில் ஓட்டு மேல் வெள்ளை முகம் ஒன்றைப் பார்த்துவிட்டு மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தார். அவருக்கு மந்திரித்துத் திருநீறு போட்டதை நானே பார்த்தேன்.

கல்லூரி இரண்டாம் வருடம் படிக்கும்போது, காணாமல் போன ஆட்டுக்குட்டியைத் தேடி மாமாவும் நானும் டார்ச்சோடு அங்கே போக வேண்டியதாகிவிட்டது. ஆசாரத்துக்குள் கால் வைத்ததுமே அந்த மூச்சிரைப்புச் சத்தம் கேட்டது. எனக்குக் கை நடுங்கியது. மாமா டார்ச்சை மேலே அடித்தார். விட்டத்துச் சந்தில் மூன்று கூகைக் குஞ்சுகள். வெற்றிலையைக் காம்பு மேலாகப் பிடித்த மாதிரி வெள்ளை முகம், நடுவில் கறுத்த கண். கூகை மற்ற ஆந்தைகளைப் போல அலறாது, கிறீச்சென்று கத்தும். குஞ்சுகள் பசியில் விடாமல் சீறிக்கொண்டே இருக்கும். ஆள் இல்லாத வீட்டில் எலி பெருகும், எலி இருக்கும் இடத்தில் கூகை குடும்பம் நடத்தும். அந்தப் பறவையின் மேல் நமக்குள்ள பயம் நேற்று வந்ததில்லை, புறநானூற்றிலேயே அது சுடுகாட்டில்தான் கத்துகிறது. அந்தப் பால்காரர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்த முகம் நிஜம்தான்.

கிணற்றைப் பற்றிய பயத்தை மட்டும் நான் இன்றைக்கும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பல வருடம் புழங்காத கிணற்றின் அடியில் கெட்ட காற்று தங்கிவிடும். வாசனை ஒன்றும் தெரியாது. கயிற்றில் விளக்கு கட்டி இறக்கினால் பாதியிலேயே அணைந்துவிடும். உள்ளே இறங்கினவர் மயங்கி விழ, தூக்கப் போனவரும் அங்கேயே விழுந்துவிடுவது பல ஊர்களில் நடந்திருக்கிறது. "பேய் இழுத்துக்கொண்டது" என்று சொல்லும் கிணறுகளில் இதுவும் ஒரு காரணம்.

சரி, அந்த மருமகள்?

2018இல் திருப்பூரில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்தில் இருந்த ஒரு பெரியம்மா எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். "அந்தக் கிணத்துத் தோட்டத்துச் சாளை தெரியுமா கண்ணு? நான் அந்த வீட்டு மருமகதான்" என்றார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

2002, 2003 இரண்டு வருடமும் மழை பொய்த்தபோது கிணறு வறண்டிருக்கிறது. கடன் வாங்கி எண்ணூறு அடிக்கு மூன்று போர் போட்டார்கள், மூன்றிலும் தண்ணீர் இல்லை, மண்புகைதான் வந்தது. மாடுகளைக் கண்ணபுரம் சந்தையில் விற்றுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு திருப்பூருக்கு வந்துவிட்டார்கள். அவர் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, கணவர் வாட்ச்மேன். அப்புறம் பங்காளி வழக்கு வந்து நிலமும் அப்படியே கிடந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பியதும் அம்மாவிடம் கேட்டேன். பெரியவர்கள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது! "சொல்லியிருந்தா நீங்கெல்லாம் கிணத்துல போய் விழுந்திருப்பீங்க" என்றார் அம்மா. அதில் நியாயம் இருக்கிறது, எங்களை அந்தக் கதைதான் காப்பாற்றியது. ஆனால் அந்தப் பெரியம்மாவின் மகளுக்கு வரன் பார்த்தபோது, பக்கத்து ஊரில் விசாரிக்க வந்தவர்கள் 'பேய் பிடித்த வீடு' என்று கேள்விப்பட்டு இரண்டு தடவை திரும்பிப் போயிருக்கிறார்கள். பந்தியில் அவர் இதைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. எனக்கு அந்தக் கதையின் மேல் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. அந்தச் சாளையின் கதவு தண்ணீர் இல்லாமல்தான் சாத்தப்பட்டது. அதை வெளியில் பேச யாருக்கும் வாய் வரவில்லை, அவரவர் கிணற்றிலும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

கை கழுவப் போகும்போது கேட்டார், "கட்டுத்தரைக்குப் பின்னால ஒரு மாதுளை வெச்சிருந்தேன், இருக்குதா கண்ணு?"

"இல்லீங்க பெரியம்மா. கிணத்து மேட்டு வேம்பு மட்டும் நிக்குதுங்க."

"அது எங்க மாமனார் வெச்சது" என்றார்.