டிரம் பக்கத்தில் நடக்கும் கெமிஸ்ட்ரி பாடம்

வணக்கம் அண்ணே,

ஞாயிற்றுக்கிழமை மகளையும் கூட்டிக்கொண்டு ஆம்பூரிலிருந்து வேலூர் வந்திருந்தீர்கள். அரையாண்டில் கெமிஸ்ட்ரி 70க்கு 31. "ஃபர்ஸ்ட் குரூப் வேணாம் சார், காமர்ஸுக்கு மாத்திடலாமா?" என்றீர்கள். பாப்பா எதிரிலேயே உட்கார்ந்திருந்ததால் முழுதாகப் பேச முடியவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

குரூப் மாற்ற வேண்டாம். விடைத்தாளைப் பார்த்தேன், போன மார்க்கில் பெரும்பகுதி வேதிப்பிணைப்பு என்ற ஒரே பாடத்தில் போயிருக்கிறது. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது, அதே ஜாடையில் இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு மைனஸ் 60லேயே கொதித்துவிடுகிறதே, ஏன் என்று அவளிடம் கேட்டேன். "ஹைட்ரஜன் பிணைப்பு சார்" என்று பட்டென்று சொன்னாள். சரி, தண்ணீர் கொதிக்கும்போது எது அறுகிறது என்றேன். "ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் தனித்தனியா பிரிஞ்சிடும்" என்றாள். சிக்கல் அங்கேதான். அப்படிப் பிரிந்தால் டீக்கடை பாய்லரே வெடித்துவிடும்! மூலக்கூறுக்குள் அணுக்களைக் கட்டி வைத்திருக்கும் பிணைப்பு ஒன்று, மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் நடுவே உள்ள பிடிப்பு வேறு. முதலாவதை உடைக்க தண்ணீரில் மோலுக்குச் சுமார் 460 கிலோஜூல் வேண்டும். இரண்டாவதற்கு 20 போதும். ஆவியாகும்போது விட்டுப்போவது அந்த இரண்டாவதுதான். இது பிடிபடாமல் இனக்கலப்பையும் வடிவத்தையும் மனப்பாடம் செய்தால் எதுவும் மண்டையில் நிற்காது.

இதற்குத் தனி டியூஷன் வேண்டாம், நீங்களே போதும். சிரிக்காதீர்கள். இருபது வருஷமாக டேனரியில், தோலைப் பதப்படுத்தச் சுழலும் டிரம் பக்கத்தில் நிற்கிறீர்கள். குரோம் உப்பு தோலுக்குள் ஏறிவிட்டதா என்று பார்க்க ஒரு துண்டை வெட்டி, காகிதத்தில் வைத்து அதன் ஓரத்தை வரைந்துகொண்டு, கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்து, மறுபடி அந்தக் கோட்டின் மேலேயே வைத்துப் பார்ப்பீர்களே, அந்த பாயில் டெஸ்ட்தான் இந்தப் பாடம்.

பச்சைத்தோல் 60, 65 டிகிரியிலேயே சுருண்டுவிடும். தோலில் இருக்கும் கொலாஜன் என்ற புரதம் மூன்று புரி கயிறு. (1954இல் அதைச் சொன்னவர்கள் நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். பாப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள்.) புரிகளைச் சேர்த்துப் பிடித்திருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள், சூடேறினால் விட்டுவிடும். ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டால், அதிலுள்ள டானின் மேலும் பல ஹைட்ரஜன் பிணைப்புகளைச் சேர்க்கிறது. தோல் இன்னும் கொஞ்சம் சூடு தாங்கும், ஆனால் கொதிநீர் தாங்காது. குரோம் வேறு வகை. கொலாஜனின் கார்பாக்சில் தொகுதிகள் குரோமியத்துக்கு எலக்ட்ரான் ஜோடியைக் கொடுத்து ஈதல் சகப்பிணைப்பு போடுகின்றன. குரோமியம் பக்கத்துப் புரியையும் பிடித்துப் பாலம் கட்டிவிடுகிறது. அதனால்தான் வெட் புளூ, அதாவது குரோம் ஏறிய ஈரத்தோல், கொதிநீரிலும் சுருங்குவதில்லை. கடைசியில் சோடாவைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவது, அமிலத்தைக் குறைத்து அந்தக் கார்பாக்சில் தொகுதிகளைத் தயார்ப்படுத்தத்தான். அவசரப்பட்டு ஒரேயடியாகக் கொட்டினால் மேலாகவே பிடித்து உள்ளே ஏறாது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

"இந்த நாத்தம் என்னோட போகட்டும் சார்" என்றீர்கள். நியாயம்தான். கெமிஸ்ட்ரி படித்தால் ஊறல் தொட்டிக்குத்தான் வர வேண்டும் என்று யார் சொன்னது? இன்ஜினியரிங் கட்ஆஃப் 200இல் கெமிஸ்ட்ரிக்கு மட்டும் 50. வேலூர் முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய் வரலாம். சென்னை அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரியில் பி.டெக். தோல் தொழில்நுட்பம் இருக்கிறது. அதைப் படித்தவர்கள் ஆய்வகத்திலும் தரக் கட்டுப்பாட்டிலும் உட்காருகிறார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்புக்கும் வேதியியல் தெரிந்த ஆள் வேண்டும். பாலாற்றுக் கரையில் இருக்கும் நமக்கு அது ஏன் என்று சொல்லத் தேவையில்லை. நீட் பற்றி அவள் வாயே திறக்கவில்லை, நாமாகப் போய்த் திணிக்க வேண்டாம்.

இந்த வாரம் பாயில் டெஸ்ட் முடிந்த துண்டு ஒன்றையும், வரைந்த காகிதத்தையும் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கொதிநீரில் சுருண்ட பச்சைத்தோல் துண்டையும் பக்கத்தில் வையுங்கள். எதில் எது அறுந்தது, எது அறவில்லை என்று அவள் கைப்பட ஒரு பக்கம் எழுதட்டும். எழுதியதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், ராத்திரிக்குள் திருத்தி அனுப்புகிறேன்.