பன்னிரண்டு கெஜம் பின்னால்

கேள்வி: ஐயா, என் மகன் இங்கே பள்ளி அணியில் அமெரிக்க ஃபுட்பால் ஆடுகிறான். அவன் சேஃப்டி, அதாவது பின்களத் தற்காப்பு ஆட்டக்காரன். போன வருடம் வரை முன்வரிசைக்குப் பக்கத்திலேயே நின்று, பந்தோடு வருகிறவர்களைச் சாய்த்துக்கொண்டிருந்தான். இந்த வருடம் தற்காப்புக்குப் புதிய பயிற்சியாளர் வந்திருக்கிறார். முறையையே மாற்றி, இவனைப் பன்னிரண்டு கெஜம் பின்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். ‘என்னை ஓரங்கட்டிவிட்டார்கள்’ என்று சாப்பிடாமல் கிடக்கிறான். கல்லூரி உதவித்தொகை கிடைக்கும் என்று நம்பியிருந்தோம். அவ்வளவுதானா?
– ஒரு தாய், ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

பதில்: முதலில் பையனைச் சாப்பிடச் சொல்லுங்கள். பன்னிரண்டு கெஜத்திலிருந்து ஓடி வந்து ஆளைப் பிடிக்க, பக்கத்தில் நின்று பிடிப்பதைவிடத் தெம்பு கூடுதலாக வேண்டும்.

பால்டிமோர் பக்கம் நான் குடிவந்த புதிதில் இந்த ஆட்டம் எனக்கு வெறும் தள்ளுமுள்ளாகத்தான் தெரிந்தது. பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். ஒருமுறை என்னை மைதானத்துக்கு அழைத்துப்போய், பைனாகுலரைக் கையில் கொடுத்து, “பந்தைப் பார்க்காதே, இருபதாம் எண்ணை மட்டும் பார்” என்றார். அந்த இருபதாம் எண் எட் ரீட். அரை மணி நேரம் பார்த்தேன். மனிதர் தோட்டத்தில் உலாவுவதுபோல் இருந்தார். எதற்கு இந்த ஆளுக்குச் சம்பளம் என்றுகூட நினைத்தேன். பிறகு பந்து காற்றில் எழுந்தது. அது இறங்கும் இடத்தில் ரீட் முன்பே நின்றிருந்தார். அவர் தம் ஆட்டக்காலத்தில் எதிரணி எறிந்த பந்துகளை, அதாவது பாஸ்களை, இப்படி 64 முறை கைப்பற்றினார். 2008இல் ஒரு பந்தைப் பிடித்து 107 கெஜம் ஓடியது என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீகின் சாதனை. உங்கள் மகனை நிறுத்தியிருக்கும் இடத்தின் அருமை எனக்கு அன்றுதான் புரிந்தது.

இனி முறைக்கு வருவோம். கிரிக்கெட்டில் எல்லைக்கோட்டில் நடுவே ஒரே ஒரு ஆளை நிறுத்துவதும், லாங் ஆன், லாங் ஆஃப் இரண்டிலும் ஆள் வைப்பதும் ஒன்றா? இங்கேயும் அதே கணக்குதான். ஒரு சேஃப்டி மட்டும் பின்னால் நின்றால், ஏறத்தாழ 53 கெஜ அகல மைதானத்தை அவர் ஒருவரே காக்க வேண்டும். இன்னொருவர் முன்னால் போய் மோதலாம். உங்கள் மகன் அந்த இன்னொருவனாக இருந்திருக்கிறான். புதியவர் இரண்டு பேரையும் பின்னால் வைக்கிறார். நீளமான பாஸுக்குக் கதவைச் சாத்துவதற்காக.

பின்னால் நிற்பவனுக்கு மோதல் இல்லை என்று பையன் நினைத்தால் அது தவறு. இம்முறையில் ‘குவார்ட்டர்ஸ்’ என்று ஒரு வகை உண்டு. அதில் சேஃப்டி, தன் பக்கத்தில் உள்ளே நிற்கும் ரிசீவரை (பாஸைப் பிடிக்கும் எதிரணி ஆட்டக்காரரை) பார்த்தே முடிவெடுக்கிறான். அந்த ரிசீவர் தடுக்க இறங்கினால் அது ஓட்டம் (பந்தை எறியாமல் கையில் வைத்தே ஓடுவது), உடனே முன்னால் பாய வேண்டும். நேராக ஓடி வந்தால் அது பாஸ், அவனோடு போக வேண்டும். இந்த முடிவுக்கு ஒரு நொடிகூடக் கிடைக்காது. ஓட்டம்போல் ஏமாற்றி பாஸ் எறிவார்கள். மோதும் ஆசையில் இரண்டு எட்டு முன்னால் வைத்துவிட்டால், தலைக்கு மேல் பந்து போய்விடும். உங்கள் மகனைப்போல் அடிப்பதில் ருசி கண்ட பிள்ளைகள் இதில்தான் விழுவார்கள்.

இங்கே எங்கள் பால்டிமோர் ரேவன்ஸ் அணியில் சேஃப்டியாக கைல் ஹாமில்டன் இருக்கிறார். ஆறடி நான்கு அங்குலம். 2023இல் தற்காப்புப் பயிற்சியாளர் மைக் மெக்டொனால்டின் முறையில் முன்னால், நடுவில், ஓரத்தில் என்று எங்கும் நின்றார். ஒரே ஆட்டத்தில் மூன்று முறை, பாஸ் எறியும் குவார்ட்டர்பேக்கைக் கீழே சாய்த்தார். மெக்டொனால்ட் சியாட்டில் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போய்விட, 2024இல் அவர் இடத்துக்கு ஸாக் ஓர் என்பவர் வந்தார். அந்தப் பருவத்தின் முற்பாதியில் நீளமான பாஸ்களில் அணி கிழிந்து தொங்கியது. என் வீட்டுத் தொலைக்காட்சி ரிமோட் இரண்டு முறை சுவரில் மோதியது. பிறகு ஹாமில்டனைப் பின்னால் தள்ளி நிறுத்தினார்கள். முன்னால் நின்று அவர் செய்த வித்தைகள் குறைந்தன, ஓட்டை அடைபட்டது. 2025 ஆகஸ்டில் அவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு 100 மில்லியன் டாலருக்கு மேல் ஒப்பந்தம். அன்று வேறெந்த சேஃப்டிக்கும் அவ்வளவு சம்பளம் இல்லை.

மறுபக்கமும் சொல்லிவிடுகிறேன். ஜமால் ஆடம்ஸ் என்ற சேஃப்டி 2020இல் சியாட்டில் அணியில் பன்னிரண்டே ஆட்டங்களில் 9.5 சாக் (குவார்ட்டர்பேக்கைச் சாய்ப்பது) எடுத்தார். பின்களத் தற்காப்பு ஆட்டக்காரர் ஒருவர் ஒரு பருவத்தில் அதற்கு முன் அவ்வளவு எடுத்ததில்லை. அடுத்த பருவத்தில் ஒன்றுகூட இல்லை. 2022இல் அணி முறையை மாற்றியது. முதல் ஆட்டத்திலேயே அவருடைய தொடையில் பலத்த காயம். 2024 மார்ச்சில் விடுவித்துவிட்டார்கள். காயத்தின் பங்கு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் முன்னால் பாய்வதொன்றையே மூலதனமாக வைத்திருப்பவருக்கு, அது எடுபடாதபோது கையில் வேறொன்றும் இருப்பதில்லை. உங்கள் பயிற்சியாளர், தெரிந்தோ தெரியாமலோ, பையனுக்கு இரண்டாவது தொழில் கற்றுக்கொடுக்கிறார்.

உதவித்தொகை பற்றிக் கேட்டீர்கள். கல்லூரிகளுக்கு அனுப்பும் வீடியோவில் மோதல்களை மட்டும் ஒட்டி அனுப்பாதீர்கள். பந்து நகரும் முன்பே அவன் எங்கே நிற்கிறான், எதைப் பார்த்து எந்தப் பக்கம் முதல் அடி வைக்கிறான் என்று தெரியும் அகலக் காட்சிகளைச் சேருங்கள். தேர்வு செய்பவர்கள் தேடுவது அதைத்தான். இன்னொன்று: கல்லூரி விளையாட்டின் மூன்றாம் அடுக்கான டிவிஷன் 3 கல்லூரிகளிலும், ஹார்வர்டு, யேல் போன்றவை அடங்கிய ஐவி லீகிலும் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. அங்கே மதிப்பெண்ணும் குடும்ப வருமானமும்தான் பேசும். கணக்குப் பாடத்தையும் கவனிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சேஃப்டி என்பது ஆட்டக்காரர் என்கிறார்கள், புள்ளி என்கிறார்கள். எது சரி?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: இரண்டும். பந்து வைத்திருப்பவர் தம் சொந்த எல்லைப் பகுதிக்குள்ளேயே மடக்கப்பட்டால் எதிரணிக்கு 2 புள்ளிகள். அதற்கும் சேஃப்டி என்றே பெயர். 2013 பிப்ரவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த சூப்பர் பௌல் என்ற இறுதிப் போட்டியின் கடைசி நொடிகளில், 34–29 என்று முன்னணியில் இருந்த ரேவன்ஸ் வேண்டுமென்றே அந்த இரண்டு புள்ளிகளைத் தூக்கிக் கொடுத்தது. பந்தை உதைக்க வேண்டிய சாம் காக், உதைக்காமல் அங்கேயே உலாவி நேரத்தைத் தின்றுவிட்டு வெளியேறினார். 34–31, கோப்பை எங்களுக்கு. அன்று எட் ரீடும் ஆடினார், ஒரு பாஸைக் கைப்பற்றவும் செய்தார். தபால்காரர் மட்டும் உதைக்காதவரைத்தான் ஒரு வாரம் புகழ்ந்துகொண்டிருந்தார்.