லைக் வருது, புக்கிங் வரலையே அக்கா!

கேள்வி: பொள்ளாச்சியில வீட்டு முன்ரூம்லயே பார்லர் வச்சிருக்கேன்க்கா. த்ரெடிங், ஃபேஷியல், பிரைடல் மேக்கப் எல்லாம் பண்றேன். இன்ஸ்டாகிராம்ல ரீல்ஸ் போட்டா லைக் நல்லா வருது, "சூப்பர் சிஸ்"னு கமெண்ட்டும் வருது, ஆனா அதைப் பார்த்து புக் பண்ணி வந்தவங்கன்னு யாருமில்ல. மூவாயிரம் ரூபா குடுத்தா பத்தாயிரம் ஃபாலோயர்ஸ் ஏத்தித் தர்றேன்னு ஒரு தம்பி சொல்றாரு. குடுக்கலாமா?

பதில்: குடுக்காதீங்கம்மா. காசு வாங்கிட்டு ஏத்துற ஃபாலோயர்ஸ் பெரும்பாலும் ஆளே இல்லாத அக்கவுண்ட். இந்த மாதிரி போலி லைக், ஃபாலோ எல்லாத்தையும் தூக்கிருவோம்னு இன்ஸ்டாகிராம் 2018லயே அறிவிச்சாச்சு. சரி, நிஜ ஆளாவே இருக்கட்டும், டெல்லியில இருக்கிறவங்க புருவம் எடுக்க பொள்ளாச்சிக்கு வரப்போறாங்களா? உங்க கஸ்டமர் மகாலிங்கபுரத்துல இருக்காங்க, ஆனைமலையில, கிணத்துக்கடவுல இருக்காங்க, அவங்க கண்ணுல பட்டா போதும்.

அவங்க எங்க தேடுறாங்க? கூகுள்ல "பியூட்டி பார்லர் நியர் மீ"ன்னு அடிக்கிறாங்க. அதனால முதல்ல கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல் போடுங்க, அதாவது கூகுள்லயும் மேப்லயும் உங்க பார்லர் விவரம் தெரியற பக்கம், ஃப்ரீதான். தேடுறதுக்கு எவ்ளோ பொருத்தம், எவ்ளோ பக்கம், எவ்ளோ பிரபலம், இந்த மூணையும் வச்சுத்தான் வரிசைப்படுத்துறோம்னு கூகுளே சொல்லுது. தூரத்தை நாம மாத்த முடியாது, மத்த ரெண்டும் நம்ம கையில இருக்கு. என்னென்ன சர்வீஸ், எத்தனை மணிக்கு திறக்கிறீங்க, எல்லாத்தையும் நிரப்புங்க. பேர் போடுற இடத்துல போர்டுல இருக்கிற பேர் மட்டும் போடுங்க, "பெஸ்ட் பிரைடல் மேக்கப் பொள்ளாச்சி"ன்னு கூட சேர்த்து எழுதுறது ரூல்ஸ்படி தப்பு, ப்ரொஃபைலையே முடக்கிருவாங்க.

ரிவ்யூ கேக்க கூச்சப்படாதீங்க. வேலை முடிஞ்சு கண்ணாடியில பார்த்து சிரிக்கிறாங்கல்ல, அப்பவே லிங்க்கை வாட்ஸ்அப்ல அனுப்பிருங்க, வீட்டுக்குப் போனா யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஆனா ரிவ்யூ போட்டா த்ரெடிங் ஃப்ரீன்னு மட்டும் சொல்லிராதீங்க, அதையும் கூகுள் அனுமதிக்கிறதில்ல. வெறும் "நைஸ்"ஸை விட "முகூர்த்தம் முடியற வரைக்கும் மேக்கப் கலையல"ன்னு ஒருத்தர் எழுதுறதைப் படிச்சுட்டுத்தான் அடுத்த பொண்ணோட அம்மா போன் பண்ணுவாங்க.

இப்ப இன்ஸ்டாவுக்கு வருவோம். நம்ம ஊர் கல்யாணப் பொண்ணுங்க பாதிப்பேருக்கு இருக்கிற பயம் ஒண்ணுதான், முகத்தை வெள்ளையா அடிச்சு விட்டு கழுத்து ஒரு கலர், கை ஒரு கலர்னு ஆக்கிருவாங்களோன்னு. அந்த பயத்துக்கு உங்க ரீல்ஸ்ல பதில் இருக்கணும். ஃபில்டர் வேண்டவே வேண்டாம், மாநிறப் பொண்ணு மாநிறமாவே களையா இருக்கிறதை ஜன்னல் வெளிச்சத்துல எடுத்துப் போடுங்க, கிட்டத்துல வந்து கழுத்தையும் காட்டுங்க. நிஜத்தோல்ல வேலை தெரியணும், அதுதான் நீங்க குடுக்கிற கேரண்டி. போட்டோ போடுறதுக்கு முன்னாடி அந்தப் பொண்ணுகிட்ட கேட்டே ஆகணும், முடிஞ்சா வாட்ஸ்அப்ல சரின்னு எழுதி வாங்கிக்கோங்க.

"ப்ரைஸுக்கு டிஎம் பண்ணவும்"னு போடுறது எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. விலை கேக்கவே தயங்குறவங்கதான் அதிகம், அவங்க அப்படியே அடுத்த பேஜுக்குப் போயிருவாங்க. எவ்ளோல இருந்து ஆரம்பம், அதுல சேலை கட்டி விடுறது, பூ ஜடை எல்லாம் சேருமா, ட்ரையல் உண்டான்னு ஹைலைட்ஸ்ல, அதான் ப்ரொஃபைல்ல அழியாம நிக்கிற ஸ்டோரில, வச்சிருங்க. பயோவுல ஊர் பேர் இருக்கட்டும். செலவு பண்ணியே ஆகணும்னா நல்லா போன ஒரு ரீலை பூஸ்ட் பண்ணுங்க, அதாவது காசு கட்டி விளம்பரமா காட்டச் சொல்லுங்க, ஏரியாவை பொள்ளாச்சி சுத்துவட்டாரத்துக்கு மட்டும் வச்சு.

பெர்சனல் நம்பரை வெளியில குடுக்காதீங்க, கண்டவங்க கால் பண்ணுவாங்க. தனி சிம்ல வாட்ஸ்அப் பிசினஸ் போட்டுக்கோங்க, ஒரே போன்லயே ரெண்டும் ஓடும். கேட்டலாக்ல போட்டோவும் ரேட்டும் போட்டுட்டா ஒவ்வொருத்தருக்கா டைப் அடிக்க வேண்டியதில்ல. ஒரே மெசேஜை பலருக்கு அனுப்புற பிராட்காஸ்ட் லிஸ்ட்ல அனுப்பினா உங்க நம்பரை சேவ் பண்ணினவங்களுக்குத்தான் போகும், அதனால வந்தவங்களை அங்கேயே சேவ் பண்ண வச்சிருங்க. ஆடியில கல்யாணம் இல்லையேன்னு சும்மா இருந்துராதீங்க, ஆவணி முகூர்த்தத்துக்கு விசாரிக்கிறது அப்பதான்.

கேள்வி: ஆன்லைன்ல பார்த்தேன்னு ஒருத்தர் பேசினார்க்கா, பிரைடல் மேக்கப்புக்கு முழு அட்வான்ஸும் இப்பவே அனுப்புறேன், இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் பண்ணுங்கங்கிறார். நம்பலாமா?

பதில்: ஸ்கேன் பண்ணாதீங்க! பணம் வாங்க க்யூஆர் ஸ்கேன் பண்ண வேண்டாம், யுபிஐ பின்னும் போட வேண்டாம், பணம் வர்றதுக்குன்னு சொல்லி பின் கேட்டாலே உங்க அக்கவுண்ட்ல இருந்துதான் பணம் போகுதுன்னு அர்த்தம். நிஜ கஸ்டமரா இருந்தா பொண்ணு பேர், மண்டபம், முகூர்த்த நேரம் எல்லாம் டக்குன்னு சொல்லுவாங்க, ட்ரையலுக்கும் வருவாங்க. உங்க யுபிஐ ஐடியை நீங்களே குடுத்து அதுல அனுப்பச் சொல்லுங்க. ஏற்கனவே பணம் போயிருந்தா உடனே சைபர் மோசடி ஹெல்ப்லைன் 1930க்கு போன் பண்ணுங்க, பேங்க்லயும் சொல்லிருங்க, லேட் பண்ணப் பண்ண திரும்பக் கிடைக்கிறது கஷ்டம்.