வெளியூரில் இருந்துகொண்டு, நாகர்கோவில் பக்கம் அப்பா அம்மா இருக்கும் வீட்டின் ஒழுகும் மாடியைச் சரிசெய்ய நம்பகமான ஆளை எப்படிப் பிடிப்பது?

"நல்ல கான்ட்ராக்டர் யார்?" என்று கேட்டால் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். "யார் வீட்டு மாடி வேலை செஞ்ச பிறகு ரெண்டு மழையைத் தாண்டியிருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். நம் மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு என இரண்டு மழையும் உண்டு. போன கோடையில் பூசியது இந்தத் தை வரை ஒழுகவில்லை என்றால் அந்தக் கொத்தனாரின் நம்பரை வாங்கலாம். ஹார்டுவேர் கடையிலும் விசாரிக்கலாம், ஆனால் கமிஷன் உறவு இருக்கும், பாதிதான் நம்பணும்.

எங்கள் வீடு குளச்சல் பக்கம். முதலில் வந்தவர் கேட்டிலேயே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, சதுர அடிக்கு இவ்வளவு, "கெமிக்கல் அடிச்சா போதும், பாத்துக்கிடலாம்" என்றார். அடுத்தவர் மாடி முழுக்கச் சுத்தியலால் தட்டிக்கொண்டே நடந்தார். பூச்சு விட்டுப்போன இடத்தில் சத்தம் பொத்தென்று மாறியது. வடிகுழாயில் சாக்கைத் திணித்து அடைத்து, மறுநாள் வரை தண்ணீர் கட்டி வைத்தார். ஒழுக்கு நடுவில் இல்லை, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையில். மொத்த மாடிக்கும் பூசும் செலவு மிச்சம். யாரிடம் வேலை கொடுத்தோம் என்று சொல்லத் தேவையில்லை.

கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, கான்கிரீட்டை உள்ளிருந்தே தள்ளும். அதன்மேல் சிமென்டை அப்பிவிட்டுப் போனால் கொஞ்ச நாளில் பாளம் பாளமாக விழும். உதிர்வதைக் கொத்தி எடுத்து, கம்பியின் பின்பக்கம் வரை துருவைச் சுரண்டி, தடுப்புப் பூச்சு அடித்த பிறகே பூச வேண்டும். பூசுவதற்கு முன் போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். மூடிவிட்டால் கண்டுபிடிக்க வழியில்லை.

பண விஷயம். சின்ன ரிப்பேர் என்றால் பொருளை நீங்களே கடையில் பில் போட்டு வாங்கி, கூலியை மட்டும் பேசுவது எனக்குப் பிடித்த முறை. எந்த இடம், எத்தனை கோட், எந்தப் பொருள் எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பில் எழுதி, அவரிடம் "சரி" வாங்கிவிடுங்கள். கூலியில் ஒரு பங்கை, வேலை முடிந்து திரும்பத் தண்ணீர் கட்டிப் பார்த்த பிறகு கொடுங்கள். முக்கியமாக, பணம் உங்கள் கையிலிருந்து மட்டும் போகட்டும். "அம்மா, அவசரமா ஒரு அஞ்சாயிரம்" என்று நின்றால் வயதானவர்கள் கொடுத்துவிடுவார்கள், மறுநாள் ஆள் வேறு சைட்டில் இருப்பார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின மாதங்களில் கூப்பிடாதீர்கள். வெள்ளையடிப்பும் பெயின்டிங்கும் ஊர் முழுக்க நடக்கும், நல்ல ஆள் கிடைக்க மாட்டார், மழையும் விடாது. மாசி, பங்குனியில் வரச் சொல்லுங்கள். பூசிய பிறகு ஒரு வாரம் காலையும் மாலையும் தண்ணீர் விட்டு நனைக்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும், அதை அப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.